கப்பலேறிய மக்காச்சோளம், கரையிலேயே நின்ற சுண்ணாம்பு

இன்னைக்கு எபிசோட் ஒரு சமையல் குறிப்போட வரலாறு. இந்தக் குறிப்பு தெரிஞ்சவங்க 3,000 வருஷத்துக்கும் மேல ஒரே தானியத்தை நம்பி வாழ்ந்தாங்க, நகரங்கள் கட்டினாங்க. குறிப்பை விட்டுட்டு தானியத்தை மட்டும் எடுத்துட்டுப் போன நாடுகளில், லட்சக்கணக்கான ஏழைகள் தோல் வெடிச்சு, புத்தி பேதலிச்சு நோயில் விழுந்தாங்க. அந்தத் தானியம் மக்காச்சோளம். விட்டுப்போன பொருள் ஒண்ணே ஒண்ணு: சுண்ணாம்பு. ஆமா, வெத்தலையில தடவுறோமே, அதேதான்.

கதை எங்க ஆரம்பிக்குதுன்னா, மெக்சிகோவின் தென்மேற்கில் இருக்கிற பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில். சுமார் 9,000 வருஷங்களுக்கு முன்னாடி அங்கிருந்த மக்கள் தியோசிந்தே என்ற காட்டுப் புல்லை வளர்க்க ஆரம்பிச்சாங்க. அதோட கதிர் ஒரு விரல் நீளம்தான். விதை ஒவ்வொண்ணும் கல்லு மாதிரி ஒரு ஓட்டுக்குள்ள இருக்கும். நல்ல விதையா பொறுக்கி, பல நூறு தலைமுறைகள் விதைச்சு விதைச்சுத்தான் இன்னைக்கு நாம சுட்டு, உப்பும் எலுமிச்சையும் தடவிச் சாப்பிடுற கதிர் வந்தது.

ஆனா பயிரை உருவாக்கினது பாதி வேலைதான். மீதி பாதி அடுப்படியில் நடந்தது. காய்ந்த மக்காச்சோள மணிகளைச் சுண்ணாம்புத் தண்ணியில வேகவைக்கணும். சுண்ணாம்பு கிடைக்காத இடத்தில் விறகுச் சாம்பல். ராத்திரி முழுக்க அப்படியே ஊறணும். காலையில தண்ணியை வடிச்சுட்டு, கையால தேய்ச்சுக் கழுவினா மணியோட தோல் வழுக்கிட்டு வந்துடும். அப்புறம் மெட்டாத்தே என்ற சாய்வான கல்லில், முட்டி போட்டு உட்கார்ந்து அரைக்கணும். நம்ம அம்மிக்குச் சொந்தக்காரன்னு சொல்லலாம். அந்த மாவைத் தட்டி, தோசைக்கல் மாதிரியான கோமாலில் போட்டு எடுத்தா டோர்ட்டியா.

சுண்ணாம்பில் வெந்த இந்த மணிக்குப் பேர் நிஷ்தமல். அஸ்டெக் மக்கள் பேசின நாவாட்டில் மொழியில், சாம்பலைக் குறிக்கிற சொல்லும் வேகவைத்த மாவைக் குறிக்கிற 'தமல்லி' என்ற சொல்லும் சேர்ந்து வந்த பேர் இது. தமிழுக்கும் தமல்லிக்கும் சம்பந்தம் கிடையாது, தயவுசெஞ்சு வாட்ஸ்அப்பில் ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க! குவாத்தமாலாவின் தென்கடற்கரையில் இந்த முறைக்கு கி.மு. 1500 முதல் 1200 வரையிலான காலத்துச் சான்றுகள் கிடைச்சிருக்கு.

அந்தப் பெண்களுக்கு வைட்டமின்னு ஒண்ணு இருக்கிறது தெரியாது. அவங்க கண்ணுக்குத் தெரிஞ்ச பலன் வேற. வெறும் மக்காச்சோள மாவு ஒட்டாது, தட்டினா உதிரும். சுண்ணாம்பில் வெந்தது மெத்துன்னு வரும், மணக்கும். அந்தக் காரணமே போதுமானதா இருந்தது. கூடவே தட்டில் பீன்ஸ், பூசணி, மிளகாய் இருந்தது. இதையெல்லாம் மக்காச்சோளத்தோட ஒரே வயலில் கலந்து பயிரிடுவாங்க. அந்த வயலுக்கு மில்பான்னு பேர்.

1492க்கு அப்புறம் கொலம்பஸ் வழியா மக்காச்சோளம் ஸ்பெயினுக்கு வந்தது. அங்கிருந்து இத்தாலி, பால்கன் நாடுகள், ஆப்பிரிக்கான்னு வேகமாப் பரவுச்சு. விவசாயிக்கு இது லாட்டரி மாதிரி. விதைச்ச ஒரு விதைக்குக் கோதுமையை விடப் பல மடங்கு திரும்பக் கொடுக்கும். பண்ணையாருக்கு இன்னும் வசதி: கோதுமையைச் சந்தைக்கு அனுப்பலாம், கூலிக்காரங்களுக்கு மக்காச்சோளம் போட்டுடலாம். வட இத்தாலியில் ஏற்கெனவே பொலெந்தா என்ற களி இருந்தது, தினை மாதிரியான தானியங்களில் கிண்டுவாங்க. அந்தப் பானைக்குள்ள மக்காச்சோளம் நுழைஞ்சுது.

சுண்ணாம்பு ஏன் கூட வரலை? யாரும் அதைத் தேவைன்னு நினைக்கலை. ஐரோப்பாவில் தண்ணீரில் ஓடுற மாவாலைகள் இருந்தன. காய்ந்த மணியை அப்படியே அரைச்சுத் தள்ளிடலாம். ராத்திரி ஊறவைச்சு, காலையில கழுவி, கல்லில் அரைக்கிறதெல்லாம் பழைய காலத்து வேலையாத் தெரிஞ்சிருக்கும். நம்ம துறை பாஷையில சொல்லணும்னா, ரெப்போவை க்ளோன் பண்ணிட்டாங்க, ரீட்மியைப் படிக்கலை. அந்த ரீட்மி தோற்கடிக்கப்பட்ட ஒரு நாட்டுப் பெண்களோட கையில இருந்தது.

1735இல் வட ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் ஒரு புது நோயைக் கவனிச்சார். வெயில் படுற இடத்தில் தோல் சிவந்து, தடிச்சு, வெடிக்குது. கழுத்தைச் சுத்தி மாலை போட்ட மாதிரி புண். இன்னைக்கும் மருத்துவப் பாடத்தில் அதுக்குக் 'கசால் மாலை'ன்னுதான் பேர். நோயாளிகள் எல்லாரும் பரம ஏழைகள், அவங்க முக்கிய உணவு மக்காச்சோளம், கறி எப்பவாவதுதான்னு அவர் எழுதி வச்சார். அவர் செத்ததுக்கு அப்புறம், 1762இல்தான் அந்தப் புத்தகம் வெளியானது. 1771இல் இத்தாலிய மருத்துவர் ஃப்ரபோல்லி இந்த நோயைப் 'பெலாக்ரா'ன்னு எழுதினார். சொரசொரத்த தோல்னு அர்த்தம். தோலோட நிக்காது. வயிற்றுப்போக்கு, அப்புறம் மனநிலை பிறழ்வு, கடைசியில் மரணம். வட இத்தாலியில் மனநல விடுதிகள் இந்த விவசாயிகளால் நிரம்பின. கெட்டுப்போன மக்காச்சோளத்தில் இருக்கிற விஷம்தான் காரணம்னு ஒரு கூட்டம், பரம்பரைன்னு ஒரு கூட்டம், தொற்றுன்னு ஒரு கூட்டம். சண்டை 100 வருஷத்துக்கு மேல நடந்தது.

இப்போ அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்கு வருவோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம். பருத்தி விவசாயக் கூலிகளும் மில் தொழிலாளர்களும் தினம் சாப்பிட்டது மக்காச்சோள ரொட்டி, உப்புப் போட்ட பன்றிக் கொழுப்பு, வெல்லப்பாகு. இத்தனைக்கும் அந்த மண்ணின் பூர்வகுடிகள் சாம்பல் தண்ணியில மக்காச்சோளத்தை வேகவைக்கத் தெரிஞ்சவங்க. ஆனா சந்தைக்கு வந்தது, முளைக்கருவையும் நீக்கி ஆலையில் அரைச்ச மாவு. 1906இலிருந்து 1940க்குள்ள சுமார் 30 லட்சம் பேருக்குப் பெலாக்ரா வந்தது, சுமார் ஒரு லட்சம் பேர் இறந்தாங்கன்னு மதிப்பிடுறாங்க.

1914இல் அரசு சுகாதாரத்துறை ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவரை அனுப்பியது. ஆஸ்திரிய-ஹங்கேரியிலிருந்து சின்ன வயசிலேயே குடியேறின யூதக் குடும்பத்துப் பையன். அவர் அநாதை இல்லங்களுக்கும் மனநல விடுதிகளுக்கும் போய்ப் பார்த்தார். உள்ள இருக்கிறவங்களுக்கு நோய் வருது, அவங்களைத் தொட்டுப் பராமரிக்கிற ஊழியர்களுக்கு வரலை. தொற்றுநோய்னா ரெண்டு பேருக்கும் வரணுமே? வித்தியாசம் சாப்பாட்டுத் தட்டில்தான் இருந்தது. பால், முட்டை, கறி, பயறு சேர்த்துக் கொடுத்ததும் இல்லங்களில் நோய் மறைஞ்சுது.

அடுத்து அவர் செஞ்சது இன்னைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை. 1915இல் மிசிசிப்பியின் ராங்கின் சிறைப் பண்ணையில், மன்னிச்சு விடுதலை பண்றதா சொல்லி 11 கைதிகளுக்குத் தென் மாநில ஏழைகளோட சாப்பாட்டை மட்டுமே கொடுத்தார். சில மாதங்களில் 6 பேருக்குப் பெலாக்ரா வந்தது. அப்பவும் எதிர்ப்பாளர்கள் நம்பலை. 1916இல் அவரும் கூட வேலை செஞ்சவங்களும் நோயாளிகளோட ரத்தத்தை ஊசியில் ஏத்திக்கிட்டாங்க, உதிர்ந்த தோல் செதிலையும் மலத்தையும்கூட மாத்திரையாக்கி முழுங்கினாங்க. அவர் மனைவி மேரியும் ரத்த ஊசி போட்டுக்கிட்டாங்க. யாருக்கும் நோய் வரலை.

அவர் இன்னொரு உண்மையையும் பிடிச்சார். பொருளாதார ஆய்வாளர் எட்கர் சைடன்ஸ்ட்ரிக்கரோட சேர்ந்து, தென் கரோலினாவின் மில் கிராமங்களில் வீடு வீடா வருமானத்தையும் சாப்பாட்டையும் கணக்கெடுத்தார். வருமானம் குறையக் குறைய நோய் கூடுது. 'எங்க ஊரில் பஞ்சமா?'ன்னு தென் மாநில அரசியல்வாதிகளுக்குக் கோபம் வந்தது. கோல்ட்பெர்கர் 1929இல் இறந்தார். விடை 1937இல் வந்தது: விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கான்ராட் எல்வெஜெம், நிகோடினிக் அமிலம், அதாவது நியாசின், நாய்களுக்கு வர்ற இதே மாதிரி நோயைக் குணமாக்குதுன்னு காட்டினார். நாம இப்போ வைட்டமின் பி3ன்னு சொல்றது.

அப்போ சுண்ணாம்பு என்னதான் பண்ணுது? மக்காச்சோளத்தில் நியாசின் இல்லாம இல்லை. ஆனா பெரும்பகுதி பெரிய மூலக்கூறுகளோட பிணைஞ்சு, பூட்டின பெட்டி மாதிரி இருக்கு. நம்ம குடலால அதைத் திறக்க முடியாது. சுண்ணாம்பு போட்ட காரத் தண்ணியில சூடு பண்ணும்போது பூட்டு உடையுது. போனஸா கால்சியமும் கூடுது. நம்ம உடம்பு டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்தும் நியாசின் தயாரிச்சுக்கும். மக்காச்சோளத்தில் அது குறைவு, பீன்ஸ் அதை ஈடுகட்டும். அதனால காப்பாத்தினது சுண்ணாம்பு மட்டும்னு சொல்ல மாட்டேன். மொத்தத் தட்டும் சேர்ந்துதான் காப்பாத்துச்சு. கையில காசும் கொஞ்சம் நிலமும் இருந்தவங்களுக்குச் சுண்ணாம்பு இல்லாமலும் பிழைக்க வழி இருந்தது. ஏழைக்கு அந்த ரெண்டாவது வழி இல்லை.

இது முடிஞ்சுபோன கதையும் இல்லை. 1960இல் ஹைதராபாத்தில் சி. கோபாலனும் எஸ். ஜி. ஸ்ரீகாந்தியாவும், தக்காணத்தில் சோளத்தையே முக்கிய உணவா சாப்பிடுற ஏழைகளுக்குப் பெலாக்ரா வர்றதைப் பத்தி எழுதினாங்க. இது மக்காச்சோளம் இல்லை, நம்ம ஊர்ச் சோளம். அதில அதிகமா இருக்கிற லூசின் என்ற அமினோ அமிலம் காரணமா இருக்கலாம்னு சொன்னாங்க. 1990இல் மலாவியில் தங்கியிருந்த மொசாம்பிக் அகதிகளுக்கு உணவு உதவியா மக்காச்சோளம் போச்சு. கூடக் கொடுத்துட்டிருந்த நிலக்கடலை வரத்து தடைபட்டதும், 18,000க்கும் மேற்பட்டவங்களுக்குப் பெலாக்ரா வந்தது. மருந்தும் காரணமும் தெரிஞ்சு 50 வருஷம் ஆன பிறகு. தட்டில் பட்டினி தெரியலை, வயிறு நிறைஞ்சிருந்தது. விட்டுப்போனது ஒரு கைப்பிடிக் கடலை.

ஒரு சமூகத்தோட உணவை எடுக்கிறவங்க பெரும்பாலும் விதையைத்தான் எடுக்கிறாங்க. அதை யார், எப்படி, எதோட சேர்த்துச் சமைச்சாங்கன்னு கேட்கிறதை ஆராய்ச்சியா யாரும் மதிக்கலை, அது அடுப்படி விஷயமாச்சே. ஐரோப்பா அந்த ஒரு கேள்வியைக் கேட்காததுக்கு, சாப்பிட வேற வழியில்லாதவங்கதான் விலை கொடுத்தாங்க.

உங்க வீட்டில 'ஏன்னு தெரியாது, ஆனா இப்படித்தான் பண்ணணும்'னு ஒரு சமையல் வழக்கம் இருந்தா, வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. எது அறிவியல், எது வெறும் பழக்கம்னு ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க ஒரு எபிசோட் பண்ணலாம்.