அன்னக்கிளி: ராசய்யாவின் முதல் இசைத்தட்டு

தமிழ் சினிமாவுக்கு நாட்டுப்புற இசையைக் கொண்டு வந்தவர் இளையராஜா என்று எல்லோரும் சொல்வார்கள். இது பாதிதான் உண்மை. 1957-லேயே 'மக்களைப் பெற்ற மகராசி' படத்தில் கே.வி. மகாதேவன் ஒரு விவசாயி பாட்டைப் போட்டு ஊரையே பாட வைத்துவிட்டார். அப்படியானால் 1976-ல் 'அன்னக்கிளி' புதிதாக என்னதான் செய்தது?

அதற்கு முந்தைய சில வருடங்களைப் பார்க்க வேண்டும். 'ஆராதனா' (1969), 'பாபி' (1973) என்று இந்திப் பாட்டுகள் தமிழ்நாட்டு டீக்கடைகளையும் கல்யாண வீட்டு ரேடியோ செட்டுகளையும் பிடித்து வைத்திருந்த காலம் அது. அர்த்தம் புரியாவிட்டாலும் அந்தத் தாளமும் கிடாரும் இளைஞர்களை இழுத்தன.

பண்ணைப்புரத்து ராசய்யா இரண்டு பக்கமும் தெரிந்தவர். அண்ணன் பாவலர் வரதராசனுடன் ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்தவர். சென்னைக்கு வந்தபின் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். கதாசிரியர் செல்வராஜ் மூலம் பஞ்சு அருணாசலத்திடம் போய், மேசையில் தாளம் தட்டிப் பாடிக் காட்டியதில் வாய்ப்புக் கிடைத்தது. 'இளைய' என்ற முன்சொல்லைச் சேர்த்தவரும் பஞ்சுதான். ஏ.எம். ராஜா என்று ஒருவர் ஏற்கனவே இருந்தாரே!

முதல் ரெக்கார்டிங் தொடங்கும்போதே கரண்ட் போய்விட்டது. சகுனம் சரியில்லை என்று பேச்சு எழுந்ததை இளையராஜாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் 1976 மே மாதம் படம் வந்ததும் எஸ். ஜானகி பாடிய 'மச்சானைப் பாத்தீங்களா' தெருவெல்லாம் ஒலித்தது.

புதுமை இங்கேதான் இருக்கிறது. கிராமத்து மெட்டை அவர் பட்டணத்துக்காக மாற்றவில்லை. மெட்டை அப்படியே விட்டுவிட்டு, வயலின்களையும் கிடாரையும் அதற்குத் துணையாக உட்கார வைத்தார். இந்திப் பாட்டில் இளைஞர்கள் தேடிய நவீன ஓசை, சொந்த ஊர்ப் பாட்டிலேயே கிடைத்துவிட்டது.

அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே காலத்தில் இதே முயற்சி நடந்தது. நாட்டுப்புறத்துக் கன்ட்ரி இசையை ராக்கோடு சேர்த்த கிராம் பார்சன்ஸ், 1973 ஜனவரியில் 'ஜி.பி.' என்ற தன் முதல் தனி ஆல்பத்தை வெளியிட்டார். அது சரியாக விற்கவில்லை. அதே செப்டம்பரில், 26 வயதில் இறந்தும் போனார். அவர் அருமை உலகத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. ராசய்யாவுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. நடவு வயலிலும் தொட்டில் பக்கத்திலும் இந்தப் பாடல் முறையை வளர்த்த பெண்களின் பெயர் எந்த இசைத்தட்டிலும் கிடையாது. 'அன்னக்கிளி' அவர்களுடைய வெற்றியும்கூட.