மனைப் பழம்பொருள்களின் காலமும் மதிப்பும்

அரசர்தம் வரலாற்றைக் கல்வெட்டுக்களும் செப்பேடுகளும் கூறுவன. குடிமக்களின் அன்றாட வாழ்வோ பெரும்பாலும் எழுதப்படாதது. அவர்கள் நீரருந்திய மூக்குப்பேணியும், ஏற்றிய குத்துவிளக்கும், நெல்லும் துணியும் காத்த பெட்டகமுமே அவ்வாழ்வுக்குச் சான்றாக எஞ்சியுள்ளன. ஆயின், ஒரு பொருள் சான்றாதற்கு முன்னர் அதன் காலம் யாது, மதிப்பு யாது என்னும் இரு வினாக்களுக்கு விடை காணல் வேண்டும். பழையதெல்லாம் விலையுயர்ந்தது எனக் கருதி இவ்விரண்டனையும் ஒன்றாக மயங்கும் வழக்கம் பரவலாக உள்ளது. அம்மயக்கமே பல பொருள்கள் அழிவதற்கும் காரணமாகின்றது.

ஒரு பொருளின் காலத்தை ஆண்டுக் கணக்கில் துணிந்து கூறுதல் அரிதாகவே இயலும். ‘இதற்கு முந்தியதன்று’ என்னும் மேலெல்லையையும், ‘இதற்குப் பிந்தியதன்று’ என்னும் கீழெல்லையையும் வகுத்து, அவற்றின் இடைவெளியைப் படிப்படியாகக் குறைத்தலே ஆய்வாளர் கைக்கொள்ளும் முறையாகும்.

இம்முறைக்குப் பொருளின் பெயரும் ஓரளவு துணை செய்யும். கதிரை, மேசை, அலுமாரி என்பன போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த சொற்கள். மேசையின் இழுப்பறையைக் குறிக்கும் லாச்சி என்பது ஒல்லாந்தச் சொல். யாழ்ப்பாணம் 1619இல் போர்த்துக்கேயர் வசமும், 1658இல் ஒல்லாந்தர் வசமும் ஆயிற்று. ஐரோப்பிய முறையிலான தளபாடங்கள் இல்லங்களுட் புகுந்த வரலாற்றின் சுவடுகளை இச்சொற்களிற் காணலாம். எனினும், சொல்லின் தொன்மை அச்சொல்லாற் குறிக்கப்படும் தனிப்பொருளின் தொன்மையாகாது. நேற்றுச் செய்த கதிரையும் கதிரையே.

இதனினும் உறுதியான சான்று பொருளின் மீதுள்ள முத்திரையாகும். இங்கிலாந்து வெள்ளிப் பொருள்களில், ஆண்டைக் குறிக்கும் எழுத்து முத்திரை இலண்டனில் 1478 முதல் இடப்பட்டு வந்தது. வரி செலுத்தப்பட்டதைக் காட்டும் அரசரின் தலையுருவம் 1784 முதல் 1890 வரையே பொறிக்கப்பட்டது. அந்நாட்டுப் பீங்கான்களிற் காணப்படும் சாய்சதுர வடிவப் பதிவுக்குறி 1842க்கும் 1883க்கும் இடைப்பட்டது. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருள்களிற் பிறந்த நாட்டின் பெயரைக் கோரியமையால், நாட்டுப் பெயர் பொறித்த பீங்கான் பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டதே.

ஆயினும், முத்திரையை மட்டும் நம்புதல் தகாது. சீனத்தின் காங்சி மன்னர் காலத்துப் (1662–1722) பீங்கான்கள் சிலவற்றில், இரு நூற்றாண்டுகட்கு முற்பட்ட செங்குவா மன்னரின் பெயரே எழுதப்பட்டுள்ளது. பிற்காலக் குயவர் காங்சியின் பெயரையும் அவ்வாறே எழுதினர். முன்னோர் கலைக்கு வழிபாடாக எழுதப்பட்ட பெயர் வாங்குவோனை ஏமாற்றும் கருவியாகவும் மாறியதுண்டு.

ஆதலின் செய்முறைச் சான்றும் நோக்கற்பாலது. மரத்தில் வளைந்த வாட்கோடுகள் காணப்படின், அது வட்டவாள் வழக்கிற்கு வந்தபின் அறுக்கப்பட்டதாகும். கூர்நுனித் திருகாணிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே பரவின. கம்பியாணிகள் அந்நூற்றாண்டின் பிற்பகுதியிற் பெருகின. மரம் நார்க்குக் குறுக்கே சுருங்குமாதலின், பழைய வட்ட மேசையின் பலகை அளந்து நோக்குமிடத்துச் சற்றே நீள்வட்டமாயிருக்கும். எனினும் ஆணி பிற்காலச் செப்பனிடலின்போது புகுந்ததாயிருக்கலாம். ஆகவே ஒரு சான்றைப் பிறிதொரு சான்றோடு ஒப்பிடல் இன்றியமையாதது.

அறிவியல் இவ்வையங்களையெல்லாம் தீர்த்துவிடும் எனக் கருதுவாரும் உளர். 1949இல் லிபி என்பார் வெளியிட்ட கதிரியக்கக் கரிமக் கணிப்பு தொல்லியலையே மாற்றியமைத்தது. அதன்பொருட்டு அவர் 1960இல் நோபல் பரிசு பெற்றார். ஆயின், பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிற்பட்ட பொருள்களுக்கு அது தெளிவான விடை தருவதில்லை. நம் இல்லப்பொருள்களுட் பெரும்பாலானவை அக்காலத்துக்குப் பிற்பட்டனவே. மரவளையக் கணிப்பும், ஆண்டு வளையம் தெளிவுறாத வெப்பமண்டல மரங்கள் பலவற்றுக்குப் பொருந்துவதன்று. வெப்ப ஒளிர்வு முறை சுட்ட மண்கலத்துக்கு உதவும். பித்தளை விளக்கின் காலத்தை நேரே கூறாது.

இனி மதிப்பு பற்றி நோக்குவாம். சந்தை விலை அருமை, செய்நேர்த்தி, கெடாநிலை, வாங்குவோர் விருப்பம் என்பவற்றைப் பொறுத்தது. தொன்மை அவற்றுள் ஒன்று மட்டுமே. வரலாற்று மதிப்போ அப்பொருள் எவ்வூரில், எவ்வில்லத்தில், எதன்பொருட்டு வழங்கியது என்னும் செய்தியைச் சார்ந்தது. புளியிட்டுத் துலக்கிப் பளபளப்பாக்கிய வெண்கலம் கண்ணைக் கவரலாம். காலம் அதன்மேற் படிவித்த சான்று அதனோடு நீங்கிவிடும். நிறைக்கு விற்கப்பட்டு உருக்குலையிற் சேர்ந்த செம்போ எச்சான்றையும் எஞ்சவிடுவதில்லை.

சட்டமும் இவ்வேறுபாட்டை உணர்ந்துள்ளது. இலங்கையின் 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச்சட்டம், கண்டி உடன்படிக்கை நாளான 1815 மார்ச் 2ஆந் திகதிக்கு முற்பட்டவற்றைத் தொல்பொருள் என வகுத்து, அனுமதியின்றி அவற்றை நாட்டைவிட்டு அனுப்புவதைத் தடுத்தது. காலக்கணிப்பு வணிகர்க்கு மட்டும் உரிய கலையன்று என்பதற்கு இஃதொரு சான்று.

வடபுலத்தைப் பொறுத்தவரை இவ்வினா மேலும் கூர்மையானது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிக்கப்பட்டபோது ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் கைக்கெட்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு இடம்பெயர்ந்தனர். மீண்டவர் பலர்க்கு வீடே எஞ்சவில்லை. அழியாது தப்பிய பொருள்களும் கைமாறி, ஊரும் பேரும் அற்றனவாய்க் கடைகளிற் கிடக்கின்றன. அவற்றின் காலத்தை ஆய்வாளர் ஒருவாறு கணித்துவிடலாம். அவை யாருடையன என்பதை எந்த ஆய்வுகூடமும் கூறாது.

அதனைக் கூறவல்லார் முதியோரே. ‘பாட்டனார் காலத்தது’ என்னும் பொதுக்கூற்றோடு அமையாது, யாருடைய திருமணத்தில் வந்தது, எவ்வூர்க் கன்னார் வார்த்தது, எவ்வறையில் இருந்தது என வினவுதல் வேண்டும். அசையும் பொருள்கள் குறிக்கப்பட்ட சீதன உறுதிகள் கிடைப்பின், வாய்மொழியை அவற்றோடு ஒப்புநோக்கலாம். அளவு, நிறை, முத்திரை, உரியவர் கூற்று ஆகிய நான்கையும் ஒரு தாளிற் குறித்துப் பொருளோடு வைத்தற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. பொருள் இன்னும் நூறாண்டு நிற்கலாம்; அதனை அறிந்தோர் அத்துணைக் காலம் இரார். ஆகவே எழுதும் பணி முந்துதல் வேண்டும்.