நூல் எட்டாத தெரு

என் மேசை டிராயரில் இன்னும் இரண்டு சாமான்கள் கிடக்கின்றன. ஒன்று, நிமிஷத்தை நூறு பங்காகக் காட்டும் ஸ்டாப்வாட்ச். இன்னொன்று, தையல் சாமான் கடையில் வாங்கிய வெள்ளை நூல்கண்டு. திருவொற்றியூரில் ஒரு பெரிய தொழிற்சாலையில் ஒர்க் ஸ்டடி பிரிவில் முப்பது வருஷம் இருந்தவன் நான். வாட்சைக் கையில் எடுத்தாலே லேத் ஓட்டுகிறவர் முகம் மாறிவிடும். "டைம் எடுக்க வந்துட்டாரு" என்று அடுத்த மெஷினுக்குத் தகவல் போகும். அதற்கப்புறம் எல்லோர் கையும் மெதுவாகத்தான் ஓடும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் குறித்துக்கொண்டு போகிற நேரம்தான் அடுத்த மாசம் பீஸ் ரேட்டாக வந்து நிற்கும்.

நூலுக்கு யாரும் பயந்ததில்லை. பட்டறையின் வரைபடத்தை அட்டையில் ஒட்டி, மெஷின் இருக்கும் இடத்தில் ஒரு குண்டூசி, பெஞ்சுக்கு ஒன்று, கம்பி அடுக்கிய மூலைக்கு ஒன்று என்று குத்த வேண்டும். ஆள் எங்கிருந்து எங்கே நடக்கிறாரோ அதன்படியே நூலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கடைசியில் நூலை அவிழ்த்து அளந்தால் அவர் காலையிலிருந்து எவ்வளவு நடந்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும். படிக்காதவர்கூடப் பார்த்ததும் சிரிப்பார். "இவ்ளோ தூரமா சுத்துறேன்?"

இந்த வித்தையெல்லாம் எங்களுக்கு வெளியிலிருந்து வந்தவைதான். வேலையைப் படிப்படியாகப் பிரித்துக் குறியீடுகளால் எழுதும் முறையை ஃபிராங்க் கில்பிரெத்தும் அவர் மனைவி லில்லியனும் 1921-ல் அமெரிக்கப் பொறியாளர்கள் முன் வைத்தார்கள். 1952-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உற்பத்தித்திறன் குழு இந்தியா வந்தது. அந்த அமைப்பு 1957-ல் போட்ட ஒர்க் ஸ்டடி புத்தகம் எங்கள் காலத்தில் ஒவ்வொரு ஃபேக்டரியிலும் அட்டை கிழிந்து கிடக்கும். 1958-ல் தேசிய உற்பத்தித்திறன் குழு அமைந்தது.

அதே வருஷங்களில்தான் எங்கள் பக்கமும் நிமிர்ந்தது. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தார் மாம்மன் மாப்பிள்ளை. அதுதான் எம்.ஆர்.எஃப். 1948-ல் அசோக் மோட்டார்ஸ், 1955-ல் என்ஃபீல்டு. தீப்பெட்டிக் கம்பெனி பெயரில் ஒரு ரயில் நிலையமே உண்டு, விம்கோ நகர். பெரிய கேட்டுகளைச் சுற்றிச் சின்னப் பட்டறைகள் முளைத்தன. வீட்டு முன்னறையில் ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஜாப் ஒர்க். உள்ளே நூல் சுற்ற நாங்கள் இருந்தோம். பட்டறைக்காரருக்கு யார் இருந்தார்கள்?

எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படி ஒரு பட்டறைக்குப் போய்வந்தேன். முதலாளி எனக்குத் தெரிந்தவர், காசு வாங்கியதில்லை. இரண்டு மெஷினுக்கும் நடுவே இரும்புச் சுருள் போடும் டிரம் நின்றது, நடைவழியை அடைத்துக்கொண்டு. டிரம்மை வாசலுக்கு வெளியே தள்ளச் சொன்னேன். நூல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த ஞாயிறு போனபோது எதிர்வீட்டு அம்மா இடுப்பில் குடத்தோடு வழிமறித்தார்.

"இன்னா சார், நீதான் டிரம்ம வெளிய வைக்கச் சொன்னியாமே? அவுருக்கு நடை கொறஞ்சிச்சி. நான் கொழாய்க்கு அந்தாண்ட சுத்திப் போறேன். என் பையன் கால்ல சுருள் குத்திக்கிச்சி. அதையும் உன் நூல்ல அளப்பியா?"

என் அட்டை பட்டறைச் சுவரோடு முடிந்திருந்தது. தெருவுக்கு அதில் இடமே இல்லை.

அதற்கப்புறம் எங்கள் சென்னைத் துறைமுகத்தின் கதையையும் நான் வேறு மாதிரிதான் படித்தேன். ஒரு காலத்தில் கப்பல்கள் கரையை விட்டுத் தள்ளி நங்கூரம் போடும். சரக்கு மசூலா படகில் வரும். ஆணியே அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு அது, அலை மோதினால் வளைந்துகொடுக்கும். கப்பலிலிருந்து படகுக்கு, படகிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து மணலுக்கு, மணலிலிருந்து வண்டிக்கு என்று ஒரு மூட்டைக்கு எத்தனை தூக்கு! 1861-ல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் போட்டார்கள். 1875-ல் துறைமுகத்துக்கு அடிக்கல். 1881 நவம்பர் புயல் கட்டிய சுவரைப் பெயர்த்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். ஆனாலும் கிழக்கு பார்த்த வாயில் மணல் தூர்ந்துகொண்டே இருந்தது. 1904-ல் பொறுப்பேற்ற ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் அந்த வாயிலை அடைத்து வடகிழக்கில் புது வாயில் திறந்தார். கப்பல் கரையோடு அணைந்து நிற்க, தூக்குகள் குறைந்தன. ஒர்க் ஸ்டடிக்காரன் கண்ணுக்கு அருமையான வேலை அது.

ஆனால் இந்தக் கடற்கரையில் மணலும் ஒரு சரக்கு. வருஷக் கணக்குப் பார்த்தால் அது தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருக்கிறது. துறைமுகச் சுவர் அதை மறித்தது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் பக்கம் வரை கடல் அரித்தது. மெரினாவில் காற்று வாங்குகிறவர்கள் உட்காரும் மணலில் எங்கள் ஊர்க் கரைக்கு வரவேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தவை கருங்கல்லும் தூண்டில் வளைவும். வலை காய வைக்க மணல் இல்லாத மீனவர் குப்பத்தை எந்த வரைபடத்தில் குண்டூசி குத்திக் காட்டுவது?

1983-ல் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. ஒரே பெட்டி, ஒரே தூக்கு. தோள்கள் தப்பின, தோளை நம்பியிருந்த கூலியும் போயிற்று. நிலக்கரித் தூசி ராயபுரத்து மொட்டைமாடிகளில் கறுப்பாகப் படிந்துகொண்டிருந்தது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011 அக்டோபரில் நிலக்கரி கையாள்வது சென்னைத் துறைமுகத்தில் நின்றது. ராயபுரத்துக்காரர்கள் துணியை வெளியே காயப்போட்டார்கள். நிலக்கரி எண்ணூருக்குப் போனது. அனல்மின் நிலையச் சாம்பலைக் கொசஸ்தலையாற்றில் ஏற்கெனவே சுமந்துகொண்டிருந்த ஊர் அது. வாசலுக்கு வெளியே தள்ளிய என் டிரம் மாதிரி, கொஞ்சம் பெரிய டிரம்.

பட்டறையைச் சொல்லி முடிக்கவில்லையே. அந்த அம்மா வழிமறித்த அன்றைக்கே அட்டையை அகலமாக வெட்டி, தெருக்குழாய்க்கும் எதிர்வீட்டு வாசலுக்கும் குண்டூசி குத்தினேன். முதலாளிதான் வழி கண்டுபிடித்தார். பழைய தள்ளுவண்டிச் சக்கரங்களை ஒரு தகரத் தட்டில் பற்றவைத்து, சுருள் நேராக அதில் விழும்படி லேத்துக்கு அடியிலேயே நுழைத்துவிட்டார். சனிக்கிழமை பழைய இரும்புக்காரர் வந்ததும் இழுத்துக் கொட்டிவிடலாம். நூலை அளந்தேன், முதல் தடவை குறைத்த அளவுக்குக் குறையவில்லை. எதிர்வீட்டு அம்மா வந்து அட்டையைப் பார்த்துவிட்டு, குழாய்க்குக் குத்திய ஊசி தப்பான இடத்தில் இருக்கிறது என்றார். பிடுங்கி, அவர் காட்டிய இடத்தில் குத்தினேன்.