சக்கர நாற்காலியும் இலவச டிவியும்

திருவாரூர் பக்கம் எங்கள் தெருவுக்கு இலவச கலர் டிவி வந்தபோது, அதன் முன்னால் முதலில் உட்கார்ந்தது அத்தைதான். இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் சூம்பிப்போனவர். திண்ணையைத் தாண்டி இறங்குவதே அரிது. அதனால் நாள் முழுக்க சீரியல். ஒரே மாதத்தில் சூத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டார்: "வில்லிக்குக் கை கால் இழுத்துக்கிச்சுன்னா கதை முடியப் போவுதுன்னு அர்த்தம்டா. நல்லவளுக்குக் கண்ணு போச்சுன்னா பத்து நாள்ல வந்துடும்."

ஒன்று தண்டனை, இல்லாவிட்டால் சோதனை. ரேஷன் கடைக்குப் போய், மளிகைக் கணக்குப் பார்த்து, நாத்தனாரோடு சண்டை போட்டு வாழும் ஊனமுற்ற ஒரு பெண் அந்தப் பெட்டிக்குள் இல்லை. சினிமாவில் 1977இல் சப்பாணி வந்தான், 1981இல் 'ராஜபார்வை' வந்தது. இரண்டிலும் நடித்தவர் கமல்.

அந்த டிவியைக் கொடுத்தவர் எங்கள் டெல்டாக்காரர், திருக்குவளையில் பிறந்த கருணாநிதி. 2006 செப்டம்பரில் தொடங்கிய திட்டம், ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான வீடுகளுக்குப் போனது. 2009இல் முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு அவர் சக்கர நாற்காலிக்கு மாறினார். அவர் கொடுத்த பெட்டியிலேயே, தினமும் செய்தியில், சக்கர நாற்காலியில் அவரே வந்தார். கோப்பில் கையெழுத்துப் போட்டார், கிண்டலடித்தார், கோபப்பட்டார். யாரும் பின்னணியில் சோக வயலின் வாசிக்கவில்லை. தமிழ்த் தொலைக்காட்சி காட்டிய மிக நல்ல மாற்றுத்திறனாளி சித்திரம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அப்படிக் காட்டுகிறோம் என்று யாருமே நினைக்காததால் அது நன்றாக அமைந்தது. இன்னொரு பக்கமும் உண்டு: அவரை மாற்றுத்திறனாளி என்றும் யாரும் நினைக்கவில்லை. தலைவர், வயதாகிவிட்டது, அவ்வளவுதான். பதவி அந்த நாற்காலியை மறைத்துவிட்டது.

ஊனமுற்றோர் என்ற சொல்லை விட்டு 'மாற்றுத்திறனாளிகள்' என்பதை அரசு வழக்காக்கியதும், 2010இல் அவர்களுக்கென்று தனித்துறை அமைத்ததும் அவர் ஆட்சிதான். அத்தைக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. ஆனால், "பேர மாத்திட்டாங்க, படிய மாத்தலியே" என்றார்.

2011 தேர்தலில் அவர் திருவாரூரில் நின்றார். மின்தூக்கி பொருத்திய வேனில் பிரச்சாரம். எங்கள் வாக்குச்சாவடிக்கு மூன்று படி. அத்தையை நானும் சித்தப்பாவும் தூக்கிக்கொண்டு போனோம். தூக்கிப் போவது அவருக்கு அவமானம், சேலையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே வந்தார். உள்ளே போய், சக்கர நாற்காலிக்காரருக்கு ஓட்டுப் போட்டாரா என்று இன்றுவரை சொல்லவில்லை.

ஜெயித்தவருக்கும் படி இருந்தது. அந்த வருஷம் சட்டமன்றம் பழைய கோட்டைக்கே திரும்பியது. சக்கர நாற்காலிக்கு ஏற்ற இருக்கை வசதி இல்லை என்று அவர் கட்சி தொடர்ந்து புகார் சொன்னது. ஐந்து முறை முதல்வராக இருந்தவருக்கே இந்த நிலைமை. டிவி அதை அரசியல் சண்டையாகக் காட்டியது. ஒரு சாய்தளம் பற்றிய செய்தியாக அது யாருக்கும் தோன்றவில்லை. அத்தைக்குத் தோன்றியது.

2024 ஜூலை 8 அன்று, 'ஆங்க் மிச்சோலி' என்ற இந்திப் படத்தை எதிர்த்து நிபுன் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது. ஊனத்தைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, ஊனமுள்ளவரை இழிவுபடுத்துவது வேறு. அவர்களைப் பற்றி எடுப்பதில் அவர்களுக்கும் பங்கு வேண்டும் என்றது. செய்தியை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். டிவியில் ஒரு வில்லி மாடிப்படியில் உருண்டுகொண்டிருந்தாள்.

"இரு இரு, காலு போச்சான்னு பாத்துக்கிறேன்" என்றார்.