தாது வருஷத்துக் கூலி

பருவமழையின் வரலாற்றை மழையளவில் தொடங்குவது வழக்கம். நான் கூலியில் தொடங்குகிறேன். நிலமில்லாத பெண்ணுக்குப் பருவம் என்பது வேலை நாள்களின் வரிசை: நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு, அறுப்பு. இடையில் வேலையே இல்லாத மாதங்கள். மழை தப்பினால் நிலக்காரருக்கு விளைச்சல் குறையும். அவளுக்கு அன்றைக்கே அடுப்பு எரியாது.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. 1876இல் தென்மேற்கு குறைந்தது, வடகிழக்கும் பொய்த்தது. அது தாது வருஷம். 1878 வரை நீண்ட பஞ்சத்தில் 50 லட்சம் பேருக்கு மேல் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். நம் பாட்டிமார் அதைத் தாது வருஷப் பஞ்சம் என்றே சொன்னார்கள். வருஷத்தின் பேரைச் சொல்லும்போது பழி வானத்தின்மேல் போய்விடுகிறது. அந்த நாள்களில்தான் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை கப்பலேறிக்கொண்டிருந்தது.

பிழைக்க வழியற்றவர்கள் அரசின் நிவாரண வேலைக்குப் போனார்கள். சாலை போடுவது, கல் உடைப்பது, மண் சுமப்பது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்படி வெட்டப்பட்டதுதான். 1877 தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் இந்த வேலைகளின் கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க உழைக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியம், அதாவது சுமார் 450 கிராம். அதோடு ஓர் அணா. பெண்ணுக்கும் வேலை செய்யும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதில் உயிர் தாங்காது என்று வாதாடினார். பிறகே கூலி உயர்ந்தது.

மண்கூடை பெண் தலைக்கு ஏறும்போது எடை குறைவதில்லை. அவள் பால் கொடுத்துக்கொண்டும் இருந்திருப்பாள். காட்டுக் கீரையும் கிழங்கும் தேடிக் கொண்டுவருவதும் அவள் பொறுப்பு. அதற்கு எந்தப் பதிவேட்டிலும் கூலி இல்லை.

பஞ்சம் பெண்ணுடலில் பதிந்ததற்குச் சான்று பிறப்புக் கணக்கு. பட்டினியில் கருத்தரிப்பே குறைந்துபோக, 1878இல் மாகாணத்தில் பதிவான பிறப்புகள் சரிந்தன. அழிவின் கணக்கென்று நாம் இறப்பை மட்டும் எண்ணிப் பழகிவிட்டோம். (பஞ்சத்தைப் பாடிய கும்மிகள் உண்டு. கும்மி பெண்கள் அடித்து ஆடும் வடிவம். அச்சில் நான் பார்த்தவை ஆண் புலவர்களின் பேரில் இருக்கின்றன.)

சம ஊதியச் சட்டம் வந்தது 1976இல், தாது வருஷத்துக்குச் சரியாக 100 ஆண்டு கழித்து. ஒரே மாதிரி வேலைக்கு ஒரே கூலி என்றது அது. வயலில்தான் வேலையே ஒன்றாக இல்லையே! உழவும் வரப்பு வெட்டும் ஆண் வேலை, நடவும் களையும் பெண் வேலை என்று முன்பே பிரித்துவைத்தாயிற்று. குனிந்தே நிற்கும் நடவு எந்த வகையில் இலகுவான வேலை என்று விலை வைத்தவர்கள் சொன்னதில்லை.

இப்போது பருவம் மறுபடி தடுமாறுகிறது. மேட்டூர்த் தண்ணீர் தாமதமாகும் ஆண்டுகளில் டெல்டாவில் பலர் நாற்று விடாமல் நேரடியாக விதைத்துவிடுகிறார்கள். நாற்று இல்லையென்றால் பறிப்பும் இல்லை, நடவும் இல்லை. பயிர்க் கணக்கில் அந்தச் சாகுபடி முழுதாகவே ஏறுகிறது. போனது பெண்களின் நடவுக் கூலி நாள்கள்.