சேறு வளர்த்த பந்தயம்

சேற்றிலும் மணலிலும் ஓட்டும் சைக்கிள் பந்தயமான சைக்ளோகிராஸ் என்பது சாலைப் பந்தய வீரர்களின் குளிர்காலப் பயிற்சி மட்டுமே என்பார்கள். தொடக்கம் அப்படித்தான். பிரான்சில் தானியேல் கூசோ 1902-இல் முதல் தேசியப் போட்டியை நடத்தினார். 1907-இல் அந்தத் தேசியப் பட்டத்தை வென்ற ஒக்தாவ் லாபீஸ், 1910-இல் சாலைப் பந்தயமான டூர் டி பிரான்ஸையும் வென்றார். ஆனால் சேறும் மணலும் வேறொரு திறமையைக் கேட்டன. எங்கே இறங்கிச் சைக்கிளைத் தோளில் தூக்கி ஓடுவது என்று நொடியில் முடிவெடுக்க வேண்டும்; டயரில் எவ்வளவு காற்று வைப்பது என்று முன்பே கணிக்க வேண்டும். காற்று குறைந்தால் பிடிப்பு கூடும். மிகவும் குறைந்தால் ரிம் கல்லில் இடிக்கும்.

சுமந்து ஓடுவதெல்லாம் சைக்கிள் பந்தயமா என்ற ஆட்சேபம் எனக்கு ஏற்புடையதல்ல. எங்கே இறங்கிச் சுமப்பது என்ற கணிப்பே இந்தப் பந்தயத்தின் உயிர்; டயர் விதியும் அதற்குத் துணை நிற்கிறது. சர்வதேசப் போட்டிகளில் டயர் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. அகல டயர் அனுமதிக்கப்பட்டால் சேறு சுலபமாகிவிடும். இறங்குவதா ஓட்டுவதா என்ற கணிப்பே தேவைப்படாது. அந்தக் கணிப்பு தொழில்முறை வீரர்களின் தனிச்சொத்தும் அல்ல: 1967 முதல் 1993 வரை உலகப் போட்டியில் அமெச்சூர்களுக்கென்றே தனிப் பட்டம் இருந்தது.