லயோலா கல்லூரியின் தலைசிறந்த விளையாட்டு வீரர் யார்?

சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள லயோலா கல்லூரி, இயேசு சபையைச் சேர்ந்த பிரான்சிஸ் பெர்ட்ரம் அடிகளாரால் 1925ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இங்கு படித்தவர்களில் உலக அரங்கில் புகழ்பெற்ற வீரர்கள் இராமநாதன் கிருஷ்ணன், விஜய் அமிர்தராஜ், விசுவநாதன் ஆனந்த். இம்மூவரில் பெரியவர் யார் என்று கேட்டால், பெரும்பாலும் பதில் சொல்பவரின் வயதே தீர்ப்பு வழங்கிவிடுகிறது. தம் இளமையில் யாருடைய வெற்றிச் செய்தியைக் கேட்டு மகிழ்ந்தாரோ, அவரையே பெரியவர் என்பார். ஆகவே சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்ப்பது நல்லது.

இராமநாதன் கிருஷ்ணன்

1937இல் பிறந்த கிருஷ்ணனுக்கு டென்னிஸ் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தந்தை டி.கே. இராமநாதன். நிறுவனர் பெயரால் நடைபெறும் பெர்ட்ரம் நினைவுப் போட்டி கல்லூரி மாணவர்களுக்கு உரியது. பள்ளி மாணவராக இருந்த கிருஷ்ணனை லயோலாவின் முதல்வர் சிறப்பு அனுமதி கொடுத்து ஆடவிட்டார். 1951இல் கிருஷ்ணன் அப்போட்டியை வென்றார். மூன்றே ஆண்டுகளில், 1954இல், விம்பிள்டன் சிறுவர் ஒற்றையர் பட்டத்தை வென்ற முதல் ஆசியரானார். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றார். அவரை வென்ற நீல் பிரேசரும் ராட் லேவரும் அந்தந்த ஆண்டின் பட்டத்தையும் வென்றனர். ஆடவர் ஒற்றையரில் அதற்கு மேல் சென்ற இந்தியர் இன்றுவரை இல்லை. 1966இல் கல்கத்தாவில் பிரேசிலின் தாமஸ் காக்கிடம் நான்காவது செட்டில் 2-5 எனப் பின்தங்கியிருந்து மீண்டு வென்று, இந்தியாவை முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றுக்கு அழைத்துச் சென்றார்.

விஜய் அமிர்தராஜ்

1953இல் பிறந்த விஜய், 1973ஆம் ஆண்டு ஒன்றிலேயே விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் இரண்டிலும் காலிறுதியை எட்டினார். அமெரிக்க ஓப்பனில் அவரிடம் தோற்றவர்களில் ராட் லேவரும் ஒருவர். அடுத்த ஆண்டு அதே போட்டியில் பியான் போர்க்கை வென்றார். 1981இல் மீண்டும் விம்பிள்டன் காலிறுதி. அங்கே ஜிம்மி கானர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்டுகளை வென்றும் ஆட்டத்தை இழந்தார். 1974, 1987 ஆகிய ஆண்டுகளில் டேவிஸ் கோப்பை இறுதியை எட்டிய இந்திய அணிகளில் அவர் இருந்தார். 1974இல் தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக் கொள்கையை எதிர்த்து இந்தியா இறுதிப் போட்டியையே ஆட மறுத்தது.

விசுவநாதன் ஆனந்த்

1969இல் மயிலாடுதுறையில் பிறந்து, லயோலாவில் வணிகவியல் படித்தவர். 1987இல் உலக இளையோர் பட்டம் வென்றார். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2000, 2007, 2008, 2010, 2012 என ஐந்து முறை உலகப் பட்டம் வென்றார்.

எதைக் கொண்டு அளப்பது?

எட்டிய உயரம் மட்டுமே அளவுகோல் என்றால் வாதத்துக்கே இடமில்லை. உலக வாகையர் ஆனவர் ஆனந்த் ஒருவரே.

டென்னிஸ் வீரர்கள் இருவரை மட்டும் ஒப்பிட்டால், அரையிறுதி பெரிதா காலிறுதி பெரிதா என்ற கணக்கு போதாது. 1968க்கு முன் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு விம்பிள்டனில் இடமில்லை. ஆகவே கிருஷ்ணன் ஆடிய களத்தில் அக்காலத்தின் சிறந்த வீரர்கள் சிலர் இல்லை. இதைச் சொல்லி விஜயை உயர்த்துவோர், 1973 விம்பிள்டனை எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் புறக்கணித்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் அதே ஆண்டு அமெரிக்க ஓப்பனில் அத்தகைய புறக்கணிப்பு இல்லை. லேவரை வென்றதன் மதிப்பு அங்கே குறையவில்லை. இரு தராசுத் தட்டுகளும் ஏறத்தாழச் சமமாகவே நிற்கின்றன.

மூன்றாவது அளவுகோல், பின்வருவோருக்குத் திறந்துவிட்ட வழி. அமிர்தராஜ் குடும்பத்தார் சென்னையில் நடத்திய பயிற்சித் திட்டத்தில் வளர்ந்தவர் லியாண்டர் பயஸ். ஆனந்தைப் பார்த்துச் சதுரங்கம் பழகிய தலைமுறையிலிருந்து வந்த குகேஷ், 2024இல் உலக வாகையர் ஆனார்.

கல்லூரி என்ற அளவுகோல்

கேள்வி ‘கல்லூரியின்’ தலைசிறந்த வீரர் யார் என்பது. அப்படியானால் அக்கல்லூரி அவருக்குச் செய்தது என்ன என்றும் பார்க்க வேண்டும். ஆனந்துக்குச் சதுரங்கத்தின் முதல் ஆசிரியர் அவருடைய தாயார். பின்னர் சென்னையின் தால் சதுரங்கக் கழகம் அவரை வளர்த்தது. கிருஷ்ணன் செய்தி வேறு. கதவு மூடியிருந்த வயதில் ஒரு முதல்வர் விதியைத் தளர்த்தினார். சிறுவன் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றினான். உலகுக்கு ஆனந்த் பெரியவர் என்றாலும், லயோலாவின் வீரர் என்று முதலில் சொல்லத் தக்கவர் கிருஷ்ணனே.

இந்த முறையை மாணவர்கள் தம் ஊருக்கும் பொருத்திப் பார்க்கலாம். சேலம் மாவட்டத்தில் 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவும், ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக அறிமுகமான சின்னப்பம்பட்டி நடராஜனும் இருக்கிறார்கள். யார் பெரியவர் என்று வாதிடும் முன், எந்த அளவுகோல் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.